பட்டனை அழுத்தினால் குற்றம், கட்டைவிரலால் தள்ளினால் குற்றமில்லை

போன மாதம் பென்சில்வேனியாவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மனிதர் ஒரு பழைய ஷூ டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். உள்ளே, பழைய சாமான் சந்தையில் வாங்கிய இத்தாலியப் பட்டன் கத்தி. நம் பழைய படங்களில் வில்லனின் அடியாள் இடுப்பிலிருந்து எடுத்து டக்கென்று விரிப்பானே, அதேதான். ஆனால் இது டக்கென்று விரியவில்லை. பட்டனை அழுத்தினால் அலகு பாதி வந்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் மாதிரி தொங்கியது. "நீங்கதான் கடிகாரமெல்லாம் பிரிப்பீங்களே, எடுத்துக்கிட்டுப் போய் சரி பண்ணிக் குடுங்களேன்" என்றார்.

முடியவே முடியாது என்றேன். என் வீடு டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சியில். பென்சில்வேனியாவில் 2023 ஜனவரி முதல் இந்தக் கத்தி தடை செய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் இல்லை. நியூஜெர்சியில், நியாயமான காரணம் சொல்ல முடியாவிட்டால் வைத்திருப்பதே குற்றம். பாலத்தின் நடுவில் எந்த இடத்தில் நான் குற்றவாளி ஆவேன் என்று யோசித்துக்கொண்டே கார் ஓட்ட எனக்குத் தெம்பில்லை. சரி, இங்கேயே பிரித்துப் பார்க்கலாம் என்று சின்ன ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன்.

பிரித்தால் ஏமாற்றம்தான், அவ்வளவு எளிமை. கைப்பிடிக்குள் லாரிக்கு அடியில் இருக்கும் பட்டை மாதிரி வளைந்த ஒரு சின்ன எஃகுப் பட்டை. அலகை மடக்கும்போது இந்தப் பட்டை வளைந்து முறுக்கேறி நிற்கும். அலகின் அடிப்பகுதியில், அது சுழலும் ஆணிக்குப் பக்கத்தில், ஒரு குழி. பட்டனின் தடித்த பகுதி அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு அலகை அசையவிடாது. அழுத்தினால் அந்தப் பூட்டு விலகும், பட்டை உதைக்கும், அலகு அரைவட்டம் அடித்து வெளியே வரும், முழுதாக விரிந்ததும் அதே பூட்டு மறுபடி விழுந்து பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் தள்ளுகிற மாதிரி ஒரு பொத்தான் இருக்கும், அது கால்சட்டைப் பைக்குள் தானாகத் திறந்து தொடையைக் கிழிக்காமல் இருக்க. நண்பருடையதில் பட்டை நடுவில் ஒடிந்திருந்தது, அவ்வளவுதான் வியாதி.

இன்னொரு வகை உண்டு. அதில் அலகு சுழலாது, கைப்பிடியின் முன்பக்க வாய் வழியாக நேராகப் பாயும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நிஜத்தில் அதன் ஸ்பிரிங் கொஞ்ச தூரம்தான் தள்ளும், மிச்சத்தை அலகு அந்த வேகத்திலேயே ஓடிக் கடக்கிறது. கட்டைவிரலால் பொத்தானை முன்னால் தள்ளினால் வெளியேயும் பின்னால் தள்ளினால் உள்ளேயும் போகிற ரகத்தில், வழியில் ஏதாவது தடுத்தால் அலகு பாதியில் நின்று ஆட ஆரம்பித்துவிடும், அப்புறம் கையால் இழுத்துத்தான் பூட்டவேண்டும். வயிற்றில் வைத்து பட்டனை அழுத்தினால் பாய்ந்து உள்ளே போகும் என்பதெல்லாம் சினிமா.

அப்படியானால் இதன்மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? இரண்டாம் உலகப்போர் முடிந்து இத்தாலியிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த மெல்லிய கத்திகளை நினைவுப் பொருளாகக் கொண்டுவந்தார்கள். வட இத்தாலியில் மனியாகோ என்று கத்திக்கே பேர்போன ஊர் இருக்கிறது, இந்த ரகத்தில் நிறைய அங்கே செய்ததுதான். அப்புறம் 1950-இல் ஒரு பெண்கள் பத்திரிகை, இது பிள்ளைகள் கையில் கிடைக்கும் கொலைகார விளையாட்டுச் சாமான் என்கிற ரீதியில் கட்டுரை போட்டது. தெருச்சண்டைப் பையன்கள் கையில் இதைக் கொடுத்து ஹாலிவுட்டும் தன் பங்கைச் செய்தது. 1958 ஆகஸ்டில் மத்திய அரசுச் சட்டம் வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வியாபாரத்துக்கு அனுப்பக்கூடாது என்பதுதான் அதன் சாரம், வைத்திருப்பதை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த வருடமே பிரிட்டனும் விற்பனையைத் தடை செய்தது. அங்கே 2021-இலிருந்து சொந்த வீட்டு அலமாரியில்கூட வைத்திருக்க முடியாது.

அமெரிக்கச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி ஒன்று உண்டு. ஒரு கை மட்டும் உள்ளவர் 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னோடு எடுத்துச்செல்லலாம். இரண்டு கை வேண்டும் என்பதே மடக்குக் கத்தியின் பெரிய குறை, யாரோ அதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பாராசூட் வீரர்களுக்கு ராணுவமே இந்தக் கத்தியைக் கொடுத்ததும் அதற்காகத்தான், கயிற்றில் சிக்கினால் ஒரு கையால் திறந்து அறுக்க. நம் பக்கத்திலும் அதே 3 அங்குலம் வருகிறது: டெல்லியில் 1980-இல் வந்த அரசு அறிவிக்கை, பட்டன்தார் (பட்டன் வைத்தது), கராரிதார் (பற்சக்கரம் வைத்தது) கத்திகளில் 7.62 செ.மீ நீளமும் 1.72 செ.மீ அகலமும் அதற்கு மேலும் உள்ளவற்றைக் கட்டுப்படுத்துகிறது. 7.62 செ.மீ என்றால் சரியாக 3 அங்குலம்.

இப்போது என் பையில் இருப்பதைச் சொல்கிறேன். அட்டைப்பெட்டி பிரிக்க ஒரு மடக்குக் கத்தி வைத்திருக்கிறேன், அதற்குள்ளும் ஸ்பிரிங் இருக்கிறது. அலகில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முளையைக் கட்டைவிரலால் கொஞ்சம் தள்ளினால் போதும், மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். நண்பருடைய கத்தி நல்ல நிலையில் இருந்தாலும் வேகத்தில் இதை ஜெயிக்காது. 2009-இல் சுங்கத்துறை இதையும் பட்டன் கத்திக் கணக்கில் சேர்க்கப் பார்த்தது, அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மடங்கிய நிலையில் அலகு உள்ளேயே இருக்க விரும்பவேண்டும், அந்தப் பிடியை மீறி ஆள்தான் கையால் தள்ளித் திறக்கவேண்டும், அப்படியிருந்தால் மத்தியச் சட்டத்தின் தடை கிடையாது. எவ்வளவு கூர்மை என்று அது கேட்கவில்லை, முதல் தள்ளு யாருடையது என்றுதான் கேட்கிறது.

இந்த மாதிரி வரையறையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நல்ல சாட்சி. அங்கே மணிக்கட்டை உதறினால் திறந்துகொள்கிற கத்தியும் தடையில் இருந்தது. போலீஸ்காரர் உதறிப் பார்ப்பார், திறந்தால் கைது. நன்றாகத் தேய்ந்து இளகிய மடக்குக் கத்தி எதுவும் பலமாக உதறினால் திறக்கும்தானே? ஹார்டுவேர் கடையில் வாங்கிய கத்தியோடு வேலைக்குப் போன தச்சர்களும் கட்டட வேலைக்காரர்களும் மாட்டினார்கள், ஆயிரக்கணக்கில். 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த உதறல் சோதனை தெளிவற்றது என்றது, மே மாதம் மாநிலமே அந்தத் தடையை எடுத்துவிட்டது. பட்டன் கத்திக்கான தடை அங்கே அப்படியே இருக்கிறது.

டெக்சாஸ் 2013-லேயே தடையை நீக்கிவிட்டது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், பட்டன் கத்தியை வெளியே எடுத்துச்செல்லத் தடை விதித்த சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. கலிபோர்னியாவில் அலகு 2 அங்குலம் தொட்டால் பிரச்சினை. அதனால் இணையத்தில் பார்த்தேன், வாங்கினேன் என்று இருக்காதீர்கள். அமெரிக்க அஞ்சலில் இதைத் தனியாருக்கு அனுப்புவதும் சட்டவிரோதம்.

ஒடிந்த பட்டையைப் படம் எடுத்து, அளவைத் தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்துவிட்டு, எஞ்சியதை மறுபடி பூட்டி டப்பாவிலேயே வைத்துவிட்டு வந்தேன். போன வாரம் வீடியோ அனுப்பியிருந்தார். புதுப் பட்டை போட்டுவிட்டாராம். பட்டனை அழுத்துகிறார், டக்கென்ற சத்தம், பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்: "அதை வெச்சு அந்தத் தேங்காய் பாக்கெட்டையாவது பிரிச்சுக் குடுங்க." அலகை முனையிலிருந்து அடிவரை தடவிப் பார்த்துவிட்டு, சமையலறைக் கத்தரிக்கோலைத் தேடிப் போகிறார் மனிதர். அலகில் சாணையே பிடிக்கவில்லை.