வாக்குரிமையும் எழுத்தறிவும்: குடிமைப்பணித் தேர்வுக்கு நான் படித்த விதம்

டெல்லி பழைய ராஜேந்திர நகரில் அறையெடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், வாக்குரிமை என்றால், வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை தரும் அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பிரிவில் எது இல்லை என்பதையும் பாருங்கள். குடியிருப்பின்மை, மனநலக் குறைபாடு, குற்றம், தேர்தல் முறைகேடு ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரின் வாக்குரிமையைச் சட்டம் மறுக்கலாம். படிப்பில்லை என்று மறுக்க முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் சொத்து, வரி, கல்வி எல்லாம் தகுதிகளாக இருந்தன. எழுத்தறிவு 18 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த நாட்டில் அவற்றைத் தூக்கியெறிந்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் சாமானிய மனிதனை முழுமையாக நம்பி வயது வந்தோர் வாக்குரிமையை ஏற்கிறோம் என்று பேசியவர் நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

1951-52 தேர்தல் நடந்த விதத்தையும் விடையில் எழுதுங்கள். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன் மேல் அவருடைய சின்னம். வாக்குச்சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், விரும்பிய பெட்டியில் போட்டால் போதும்.

உடனே அமெரிக்க வரலாற்றுக்குப் போங்கள். 1890-இல் மிசிசிப்பி மாநிலம், வாக்காளர் அந்த மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டு விளக்க வேண்டும் என்றது. எந்தப் பகுதி, விளக்கம் சரியா என்பதெல்லாம் பதிவு அதிகாரியின் கையில். வெள்ளையருக்கு எளிய வரி, கறுப்பினத்தவருக்குச் சிக்கலான வரி என்று அதிகாரிகள் பாகுபாடு காட்டினார்கள். நியூயார்க்கில் 1921-இல் வந்த ஆங்கில எழுத்தறிவு நிபந்தனை, ஸ்பானிஷ் மொழியில் படித்த பியூர்ட்டோ ரிக்கோ மக்களை வெளியே நிறுத்தியது. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அதை உடைத்தது. எழுத்தறிவுச் சோதனைகளுக்கு 1975-இல் நிரந்தரத் தடை வந்தது. சிறுபான்மை மொழியினர் மிகுந்த பகுதிகளில் அவர்கள் மொழியிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்பதும் அப்போதுதான் சட்டமானது.

ஒரு இடத்தில் எச்சரிக்கை தேவை. ஹரியாணா ஊராட்சித் தேர்தலில் கல்வித் தகுதி செல்லும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ராஜ்பாலா வழக்கில் சொன்னது, போட்டியிடுபவர்களுக்கு மட்டுமே. வாக்களிப்பவருக்கு அல்ல. இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போய்விடும். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. பள்ளியை ஊருக்குக் கொண்டுவராத அரசு, படிக்காததற்காக ஊரார்மீது பழி போடுவது நியாயமில்லை. நேர்காணலில் கேட்டால் தீர்ப்பின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் உங்கள் மறுப்பை வையுங்கள்.