37 என்று முதலிலேயே எழுதிவிட்டேன்

ஆறாம் வகுப்பில் ஒரு தேர்வு. 48 × 52 எவ்வளவு என்ற கேள்விக்கு, 2500-இல் 4 போக 2496 என்று எழுதியிருந்தேன். 50-க்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று கண்ணில் பட்டிருந்தது. வீட்டில் வேறு எண்களிலும் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது. விடைத்தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரு வரி: 'யாரைப் பார்த்து எழுதினாய்?' அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை சொல்லிக்கொடுத்த வழியைத் தவிர வேறு எதையும் நான் விடைத்தாளில் எழுதவில்லை.

இப்போது நானே கணக்கு டீச்சர். லால்குடி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பில் 34 பிள்ளைகள். போன மார்கழியில் அவர்களிடம், வீட்டில் கோல நோட்டு இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். மறுநாள் 11 நோட்டுகள் வந்தன. ஒன்றில் மாவு படிந்த விரல் ரேகைகூட இருந்தது.

பலகையில் ஒரு கோலத்துக்குப் புள்ளி வைத்தேன். ஊடுபுள்ளி, அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி வருவது; 7-இல் தொடங்கி 4-இல் முடிவது. நடுவரிசையில் ஏழு புள்ளி. மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. உடனே வகுப்பே விரலை நீட்டி எண்ணத் தொடங்கியது. எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே பெரிதாக 37 என்று எழுதினேன். "விடை இதுதான். இனி யாரும் விடை சொல்ல வேண்டாம். இது 37-னு எப்படித் தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. விடை தப்பாகிவிடுமோ என்ற பயம் இல்லாத கணக்கு வகுப்பு அவர்களுக்குப் புதிது.

முதலில் வந்தது எல்லோரும் எதிர்பார்க்கும் வழி: 4, 5, 6 கூட்டினால் 15, இரண்டு பக்கமும் 30, நடுவில் 7. சரி. அடுத்து ஒரு பெண் எழுந்து வந்து நடுப்புள்ளியைத் தொட்டாள். அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றி பன்னிரண்டு, அதற்கும் வெளியே பதினெட்டு. "எங்கம்மா நடுவுலேர்ந்துதான் மிஸ் போடுவாங்க" என்றாள். இன்னொருத்தி நடுப்புள்ளியிலிருந்து ஆறு முக்கோணங்களாகப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று ஆறு புள்ளி; ஆறாறு முப்பத்தாறும் ஒன்றும்.

கோலம் போடும் வழக்கமில்லாத வீட்டுப் பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் இருப்பான். அவன் சாக்பீஸை வாங்கி, நடுப்புள்ளியை விட்டுவிட்டு மூன்று சாய்ந்த கட்டங்களை வரைந்தான். காற்றாடி இறக்கைபோல மூன்று இணைகரங்கள், ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு நான்கு, பன்னிரண்டு புள்ளி. "மூணு பன்னெண்டு முப்பத்தாறு, நடுவுல ஆணி ஒண்ணு." அந்த இறக்கைகளை அதுவரை நானே பார்த்ததில்லை. அவனை வரையச் சொல்லி மறுபடி பார்த்தேன். கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு அது தெரியாமல் போனதும், பழகாத கண்ணுக்குத் தெரிந்ததும் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

கோலமெல்லாம் பொழுதுபோக்கு, போர்ஷன் எப்போது முடிப்பீர்கள் என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். போர்ஷன் கவலை எனக்கும் உண்டு. வாரத்தில் ஒரு பீரியட்தான் இதற்கு. ஆனால் பொழுதுபோக்கு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் இதே கோலங்களை எடுத்துக்கொண்டு, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே ஒரு கோலத்தை வளர்த்தெடுக்கும் இலக்கணங்களை எழுதினார்கள். அது கணினி அறிவியலுக்குள் போன ஆராய்ச்சி. எங்கள் பிள்ளைகள் வீட்டு வாசலில் கிடக்கும் கணக்கு அது.

அடுத்த வாரம் நோட்டுகளில் இருந்த மற்ற ஊடுபுள்ளிக் கோலங்களையும் சேர்த்தோம். 3–2 என்றால் 7 புள்ளி. 5–3 என்றால் 19. 7–4 நமக்குத் தெரிந்த 37. 9–5 என்றால் 61. முதலில் ஒற்றைப் புள்ளி, 1. இவற்றை வரிசையாக எழுதிவிட்டு, உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன். பாதிப்பேர் கழித்துப் பார்த்தார்கள். 6, 12, 18, 24 வந்தது. ஒருத்தி மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போயிருந்தாள். 1, 8, 27, 64, 125. நோட்டை என்னிடம் நீட்டும்போது அவள் குரல் தாழ்ந்திருந்தது. "மிஸ், இதெல்லாம் கன எண்ணு. நான் எதையும் பாத்து எழுதல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை ஆறாம் வகுப்புக்கே கொண்டுபோய்விட்டது. அவளிடம் அப்படி யார் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வகுப்பைக் கூப்பிட்டு, அந்த நோட்டை நடுமேசையில் வைத்து, இவள் ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள், ஏன் இப்படி வருகிறது என்று எல்லாரும் யோசியுங்கள் என்றேன்.

தட்டையாகத் தரையில் கிடக்கும் புள்ளிகளுக்கும் கனச்சதுரத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாள் ஆனது. தொடக்கப் பிரிவிலிருந்து சின்ன மரக்கட்டைகள் 64 வாங்கி வந்து, நான்குக்கு நான்குக்கு நான்கு என்று அடுக்கினோம். நடுப்புள்ளியிலிருந்து எண்ணிய அதே பெண் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மேல்மூலையை நேராகப் பார்த்தாள். "மிஸ், இங்கேர்ந்து பாத்தா வெளிக்கோடு அறுகோணமாத் தெரியுது. கோலம் மாதிரியே." கண்ணுக்குத் தெரிந்த மூன்று முகங்களின் கட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். எடுத்தவை 37. மேசையில் மிச்சம் நின்றது மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று, 27. மறுபடி அதே மூலை, அதே மாதிரி உரித்தால் 19. அப்புறம் 7. கடைசியில் ஒரே ஒரு கட்டை. 34 பேரும் மேசையைச் சுற்றி ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

நேற்று அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் வந்தான். புள்ளிக்கு நேராகவே புள்ளி வைத்து, 1-3-1, 1-3-5-3-1 என்று விரியும் நேர்ப்புள்ளிக் கோலங்களை அவனாகவே எண்ணியிருக்கிறான்: 1, 5, 13, 25, 41. கூட்டிக்கொண்டே போனால் 1, 6, 19, 44, 85. "இது கனச்சதுரம் இல்ல மிஸ். ஆனா இதுக்கும் ஒரு உருவம் இருக்கணும்ல?"

இருக்கிறது. என்னவென்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆற்றுக் களிமண் ஒரு வாளி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். 44 உருண்டை உருட்ட வேண்டும்.