ஃபேர்ம் எது, இன்ஷூரன்ஸ் எது? யூகாஸில் பதில் சொல்வதற்கு முன்

இங்கிலாந்தில் ஏ லெவல் எழுதும் பிள்ளைகளோடு ஒவ்வொரு வருடமும் ஏப்ரல், மே மாதங்களில், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை ஃபேர்ம் (முதல் தெரிவு), எதை இன்ஷூரன்ஸ் (அது தவறினால் கைகொடுக்கும் இரண்டாவது தெரிவு) என்று வைப்பது என்பதைப் பற்றிக் கதைக்கிறேன். என் தம்பி, சித்தியின் மகள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் படிப்பித்த பிள்ளைகள், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எதை ஃபேர்மாகப் போடுறது?" பெரும்பாலும் அதற்கான பதில் அவர்களிடமே இருக்கும். பத்து நிமிடம் கதைக்கவிட்டால் எந்த இடத்தில் மனம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இன்ஷூரன்ஸைப் பற்றித்தான். அதைத்தான் கடைசி நாள் இரவில் அவசர அவசரமாகத் தெரிவு செய்கிறார்கள்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெற்றோரும் வாசிப்பார்கள் என்பதால். பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது இணையத் தளமான யூகாஸில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் அந்தப் பாடத்துக்கு நான்குதான், ஐந்தாவது வேறு பாடமாக இருக்க வேண்டும். ஐந்து இடங்களின் பதில்களும் வந்த பிறகு, கிடைத்த ஒஃபர்களில் (இடம் தருகிறோம் என்ற பதில், பெரும்பாலும் கிரேட் நிபந்தனையோடு வரும்) ஒன்றை ஃபேர்ம் என்றும், விரும்பினால் இன்னொன்றை இன்ஷூரன்ஸ் என்றும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மறுக்க வேண்டும். மே நடுப்பகுதிக்குள் எல்லாப் பதில்களும் வந்துவிட்டால் நீங்கள் முடிவு சொல்ல வேண்டிய கடைசி நாள் வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் வரும். 2025இல் அது ஜூன் 4. உங்களுக்கான சரியான திகதி உங்கள் யூகாஸ் பக்கத்திலேயே இருக்கும். அந்த நாள் தவறினால் கையில் இருக்கும் ஒஃபர்கள் எல்லாம் தானாகவே மறுக்கப்பட்டதாகப் பதிவாகிவிடும், ஆகவே அதை வீட்டு நாட்காட்டியில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

ஆகஸ்டில் பெறுபேறு வந்து ஃபேர்ம் கேட்ட கிரேட் கிடைத்துவிட்டால் இன்ஷூரன்ஸ் அந்த நிமிடமே இல்லாமல் போய்விடும். ஃபேர்ம் கைவிட்டால் மட்டும்தான் இன்ஷூரன்ஸுக்கு வேலை. இரண்டில் ஒன்றை ஆகஸ்டில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரிசையை ஜூனிலேயே நீங்கள் போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஃபேர்ம் பற்றி நான் சொல்வது கொஞ்சம்தான். கிரேட் கிடைக்குமோ என்ற பயத்தில், மனம் விரும்பிய இடத்தைக் கீழே இறக்காதீர்கள். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தானே இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அது மட்டுமல்ல, ஒரு கிரேட் குறைந்தும் ஃபேர்ம் இடம் கிடைத்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். பெறுபேறுகள் பல்கலைக்கழகங்களுக்குச் சில நாள் முன்பே போய்விடும். இடம் மிச்சமிருந்தால் ஒரு கிரேட் தவறியவர்களையும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சலுகையைப் பெரும்பாலும் தங்களை ஃபேர்மாகப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் காட்டுவார்கள். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

சரி, இன்ஷூரன்ஸுக்கு வருவோம். ஃபேர்ம் மூன்று ஏ கேட்கிறது, இன்ஷூரன்ஸும் மூன்று ஏ கேட்கிறது என்றால் அந்த இன்ஷூரன்ஸால் பிரயோசனம் மிகக் குறைவு. ஒன்று தவறினால் இரண்டும் தவறும். "இரண்டும் நல்ல யூனிதானே" என்று இப்படிப் போட்டுவிட்டு வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஃபேர்மைவிட இன்ஷூரன்ஸ் கூடுதலாகக் கேட்கும் ஜோடிகளைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்? பள்ளிக்கூடம் முன்கூட்டியே கணித்துக் கொடுத்த பிரெடிக்டட் கிரேட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிறந்த மூன்று பாடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது பிரெடிக்ஷன் அப்படியே பலித்தது 16 சதவீத மாணவர்களுக்குத்தான். 75 சதவீதம் பேருக்கு அதைவிடக் குறைவாகவே வந்தது. ஆசிரியர்கள் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று கூட்டிப் போடுகிறார்கள், அது பிழையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஷூரன்ஸைத் தெரிவு செய்யும்போது மொக் பரீட்சையில் (பள்ளி வைக்கும் மாதிரிப் பரீட்சை) உண்மையாக வந்த கிரேட்டை எடுத்துப் பாருங்கள். மொக்கில் எந்தப் பாடம் தடுமாறியதோ அது ஆகஸ்டிலும் அப்படியே வந்தால் இந்த இடம் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது நல்ல இன்ஷூரன்ஸ். இரண்டு கிரேட் இடைவெளி இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். ஒரு கிரேட் இடைவெளி என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

கிரேட்டுகளின் மொத்தத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒஃபர் கடிதத்தில் நிபந்தனையைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். "ஒரு ஏ, இரண்டு பி, கணிதத்தில் ஏ கட்டாயம்" என்று எழுதியிருந்தால், பயமே கணிதத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒஃபர் குறைவானது அல்ல. சில இடங்கள் கிரேட் கேட்காமல் யூகாஸ் புள்ளி கேட்கும். ஏ என்றால் 48, பி என்றால் 40, சி என்றால் 32. 120 புள்ளி என்றால் மூன்று பி. ஆனால் ஒரு ஏ, ஒரு பி, ஒரு சி எடுத்தாலும் அதே 120 வரும். ஒரு பாடம் பலமாகவும் ஒரு பாடம் பலவீனமாகவும் உள்ள பிள்ளைக்கு இப்படிப் புள்ளிக் கணக்கில் வரும் ஒஃபர் பெரிய உதவி. ஈபிகியூ (ஏ லெவலோடு சேர்த்துச் செய்யும் தனி ஆய்வு வேலை) செய்த பிள்ளைகளுக்குச் சில பல்கலைக்கழகங்கள் ஒரு கிரேட் குறைத்து மாற்று ஒஃபர் தரும், அதையும் கடிதத்தில் தேடிப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் கணிதம் போல ஸ்டெப் என்ற தனிக் கணிதப் பரீட்சையும் சேர்த்துக் கேட்கும் இடத்தை ஃபேர்மாகப் போடுகிறவர்கள், ஸ்டெப் கேட்காத ஓர் இடத்தை இன்ஷூரன்ஸாக வைப்பது நல்லது. ஏ லெவலில் எல்லாம் நன்றாக வந்தும் ஸ்டெப்பில் தவறவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிரேட் கணக்கு சரியாக வந்துவிட்டது. அடுத்தது, உண்மையாகவே அங்கே போவீர்களா என்பது. தம்பிக்கு லண்டனுக்கு வெளியே ஓர் இடம் ஃபேர்ம். இன்ஷூரன்ஸுக்கு இரண்டு ஒஃபர் மிஞ்சியது, ஒன்று வேறு நகரத்தில், மற்றது லண்டன் மைல் எண்டில் குயீன் மேரி பல்கலைக்கழகம். அம்மாவுக்கு மைல் எண்ட்தான் விருப்பம், பிள்ளை வீட்டில் இருப்பான், சாப்பாடு கவலை இல்லை. நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹரோ ஒன் த ஹில்லில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் எடுத்து, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் சென்ட்ரல் லைனுக்கு மாறி, ஒன்பது மணி வகுப்புக்குப் போகிற நேரத்துக்கே போய்ப் பார்த்தோம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் முதல் ரயிலில் ஏற இடமில்லை. தம்பி அங்கேயே நின்று யோசித்தான். வளாகத்துக்குப் போய் ஆய்வுகூடங்களைப் பார்த்து, இரண்டாம் வருடப் பாடப் பட்டியலையும் வாசித்த பிறகு, "இந்தப் பயணம் எனக்குப் பரவாயில்லை, பாடம் பிடிச்சிருக்கு" என்றான். அதற்குப் பிறகுதான் அதை இன்ஷூரன்ஸாகப் போட்டோம். ஃபேர்ம் இடத்துக்கு எல்லாரும் இரண்டு தரம் போய்ப் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் இடத்தை ஒரு தரமாவது ஒரு சாதாரண வேலை நாளில் போய்ப் பாருங்கள். ஒஃபர் கிடைத்தவர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் நாட்களில் பயணச் செலவு தரும் இடங்களும் உண்டு, மின்னஞ்சலில் கேட்டுப் பார்க்கலாம்.

போகவே மாட்டேன் என்று தெரிந்த இடத்தை இன்ஷூரன்ஸாக வைக்கத் தேவையில்லை. இன்ஷூரன்ஸ் கட்டாயம் அல்ல. அதை வெறுமையாக விட்டால், ஃபேர்ம் தவறும்போது நேரடியாகக் கிளியரிங்குக்கு (மிச்சமிருக்கும் இடங்களைத் தேடி எடுக்கும் முறை) போவீர்கள். கிளியரிங்கில் நல்ல பல்கலைக்கழகங்களும் இடம் தருகின்றன. ஆனால் அன்றே முடிவெடுக்கும் மன உறுதி வேண்டும். விடுதி கிடைப்பதும் கஷ்டம். பதற்றப்படும் பிள்ளை என்றால், பிடித்த ஓர் இன்ஷூரன்ஸ் கையில் இருப்பதே நல்லது.

இனி எங்கள் சமூகத்தில் அதிகம் அழவைக்கும் விஷயம், மருத்துவம். சித்தியின் மகளுக்கு மருத்துவத்துக்கு ஓர் ஒஃபர், ஐந்தாவது தெரிவாகப் போட்ட பயோமெடிக்கல் சயன்ஸுக்கு ஓர் ஒஃபர். "எதுக்கும் ஒரு இடம் கையில இருக்கட்டும்" என்றார் சித்தி. அவளோ, "அக்கா, மெடிசின் கிடைக்காட்டி ஒரு வருஷம் நின்று திரும்பப் போடுவன், பயோமெட் எனக்கு வேண்டாம்" என்றாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: மருத்துவம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லையென்றால் இந்தப் பயோமெட் பாடப் பட்டியலை வாசிக்க ஆசை வருமா? வரும் என்றால் வை. அதிலிருந்து மருத்துவத்துக்குத் தாவலாம் என்ற எண்ணத்தில் மட்டும் வைக்காதே. நடுவில் மாற விடும் இடங்கள் மிகக் குறைவு, பட்டம் முடித்துப் போகும் மருத்துவக் கற்கைக்குப் போட்டி கடுமை. மறுபக்கம், ஒரு வருடம் நின்று திரும்ப எழுதுவதும் இலேசு அல்ல. இரண்டாம் தரம் எழுதியவர்களை ஏற்காத மருத்துவப் பீடங்கள் உண்டு, நிபந்தனையோடு ஏற்பவையும் உண்டு. மே மாதத்திலேயே அந்த விதிகளை ஒவ்வொரு பீடத்தின் பக்கத்திலும் வாசித்து எழுதி வைக்கச் சொன்னேன். வாசித்த பிறகு அவள் தானாகவே பயோமெட்டை இன்ஷூரன்ஸாகப் போட்டாள். இன்னொரு பிள்ளை அதே விதிகளை வாசித்து வெறுமையாக விட்டிருக்கலாம். அதுவும் சரியான முடிவுதான், வாசித்து எடுத்தால்.

நிபந்தனையில்லாத ஒஃபர் வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதை ஃபேர்மாகப் போட்டால் இன்ஷூரன்ஸ் வைக்க முடியாது, உங்கள் இடம் அன்றோடு முடிவாகிவிடும். பரீட்சைக்கு முன்பே நிம்மதி கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பாடத்தின் பெயரையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சில வேளை ஃபவுண்டேஷன் வருடத்தோடு (பட்டப்படிப்புக்கு முந்திய ஆயத்த வருடம்) சேர்ந்த ஒஃபராக மாற்றித் தந்திருப்பார்கள், அப்படியென்றால் ஒரு வருடம் கூடும். கணக்கியல் என்றால் ஏசிசிஏ என்ற கணக்காளர் தொழில்முறைத் தேர்வுகளில் விலக்குகள் உண்டா, உளவியல் என்றால் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்று இரண்டு இடங்களுக்கும் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் வீட்டில் வெளிப்படையாகக் கதைக்க வேண்டும். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர்களுக்கு 2025-26இல் உச்சக் கட்டணம் 9,535 பவுண், பெரும்பாலான இடங்களில் அதேதான். வித்தியாசம் வாழ்க்கைச் செலவில் வரும். அதே வருடத்தில் வாழ்க்கைச் செலவுக்கான முழுப் பராமரிப்புக் கடன், பெற்றோரோடு இருந்தால் 8,877 பவுண், லண்டனுக்கு வெளியே தங்கினால் 10,544, லண்டனில் தனியாகத் தங்கினால் 13,762. அந்த முழுத் தொகை வீட்டு வருமானம் 25,000 பவுணுக்கு மேற்படாதவர்களுக்கு. இரண்டு பெற்றோரும் வேலை செய்யும் வீட்டில் கடன் குறையும், மிச்சத்தை வீட்டிலிருந்துதான் போட வேண்டும். ஃபேர்முக்கு மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு, இன்ஷூரன்ஸ் நகரத்து வாடகையை ஆகஸ்டில் பார்த்துத் திகைக்கும் குடும்பங்கள் உண்டு. விடுதி விஷயமும் அப்படித்தான். பல இடங்களில் முதல் வருட விடுதிக்கான உத்தரவாதம் ஃபேர்மாகப் போட்டவர்களுக்கு மட்டும். இன்ஷூரன்ஸ் இடத்தின் விடுதி அலுவலகத்துக்கு ஜூனிலேயே எழுதிக் கேளுங்கள்.

இன்னும் நிரந்தர வதிவிடம் கிடைக்காத குடும்பங்கள், பதில் சொல்வதற்கு முன், கட்டணத்துக்கு உங்களை உள்ளூர் மாணவராக எடுத்திருக்கிறார்களா, வெளிநாட்டு மாணவராகவா என்பதை இரண்டு பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். அதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத்தான் தீர்மானிக்கிறது.

பெறுபேறு வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிறகு யூகாஸ் பக்கம் மாறும். ஃபேர்ம் முடிவு சொல்லாமல் இருந்தால் இன்ஷூரன்ஸும் அசையாது. அப்போது தொலைபேசி எடுக்க வேண்டியது பிள்ளைதான், அப்பாவோ மாமாவோ எடுத்தால் கதைக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் உங்கள் சார்பில் கதைக்க ஒருவரின் பெயரைக் கொடுத்திருந்தால் அது வேறு. ஃபேர்ம் கிடைத்த பிறகு இன்ஷூரன்ஸே மேல் என்று தோன்றினால், இடத்தைக் கைவிடும் பொத்தானை அழுத்த முன் இன்ஷூரன்ஸ் பல்கலைக்கழகத்தை அழைத்து, இன்னும் எடுப்பார்களா என்று உறுதிசெய்யுங்கள். அழுத்தினால் நீங்கள் கிளியரிங்கில்தான் நிற்பீர்கள், பழைய ஒஃபர் உங்களுக்காகக் காத்திருக்காது.

இன்ஷூரன்ஸ் உறுதியாகிவிட்டால் அன்றே இரண்டு வேலை: விடுதி அலுவலகத்துக்கு அழைப்பது, மாணவர் கடன் தரும் ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் கணக்கில் பல்கலைக்கழகத்தையும் பாடத்தையும் மாற்றுவது. கடனுக்கு ஃபேர்மின் பெயரில்தான் விண்ணப்பித்திருப்பீர்கள். மாற்றாமல் விட்டால் செப்டெம்பரில் முதல் தவணை தாமதமாகும், வாடகையோ முதல் வாரத்திலேயே கேட்பார்கள்.