குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு: புக்மார்க்குகளை ஒன்றுகூட விடாமல் மாற்ற

வேறு பிரவுசரில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள ஃபயர்ஃபாக்ஸிலேயே வசதி உண்டு. ஒரே கம்ப்யூட்டர், ஒரே குரோம் புரொஃபைல், நாற்பது ஐம்பது புக்மார்க் என்றால் அதுவே போதும். வருஷக்கணக்கில் ஃபோல்டர் ஃபோல்டராகச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது எச்டிஎம்எல் ஃபைல் வழி: குரோமில் புக்மார்க்குகளை ஒரு ஃபைலாக எடுத்து (எக்ஸ்போர்ட்), ஃபயர்ஃபாக்ஸில் சேர்ப்பது (இம்போர்ட்). ஃபைல் கையில் இருந்தால் எத்தனை இருக்கிறது என்று எண்ணலாம், திறந்து பார்க்கலாம், ஏதாவது குளறுபடியானால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். தானியங்கி வழியில் எது விட்டுப்போனது என்று தெரியாது.

முதல் வேலை, ஃபயர்ஃபாக்ஸில் சிங்க் ஆன் செய்திருந்தால் நிறுத்திவிடுங்கள். தப்பாக இம்போர்ட் செய்த குப்பை போனுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அதைவிட மோசம், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். எல்லாம் சரியென்று பார்த்த பிறகு ஆன் செய்துகொள்ளலாம்.

இனி குரோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் திறக்கும். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்'. தேதி போட்ட பெயரில் ஒரு எச்டிஎம்எல் ஃபைல் கிடைக்கும். இங்கே பலரும் கவனிக்காத விஷயம் புரொஃபைல். வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டு புரொஃபைல் வைத்திருந்தால், எந்த ஜன்னலிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தீர்களோ அதன் புக்மார்க் மட்டும்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

போனில் சேமித்தவையும் வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டு குரோமில் இந்த எக்ஸ்போர்ட் கிடையாது. அதே கூகுள் கணக்கில் கம்ப்யூட்டரில் சிங்க் செய்தால் 'மொபைல் புக்மார்க்ஸ்' என்ற தலைப்பில் அவை வந்துவிடும். அவற்றை ஒரு சாதாரண ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 'அதர் புக்மார்க்ஸ்' என்பதில் உள்ளவற்றுக்கும் இதையே செய்வது நல்லது. குரோம் அந்தத் தலைப்பை ஃபைலில் எழுதுவதில்லை. உள்ளே இருந்ததெல்லாம் தலைப்பில்லாமல் உதிரியாகப் போய் விழும்.

ஃபயர்ஃபாக்ஸிலும் அதே கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. திறப்பது 'லைப்ரரி' ஜன்னல். மேலே 'இம்போர்ட் அண்ட் பேக்கப்', அதில் 'இம்போர்ட் புக்மார்க்ஸ் ஃப்ரம் எச்டிஎம்எல்'. இதே மெனுவில் 'ரீஸ்டோர்' என்றும் ஒன்று உண்டு. அதைத் தொடாதீர்கள். இம்போர்ட் இருப்பதோடு சேர்க்கும். ரீஸ்டோர் இருப்பதை நீக்கிவிட்டுப் பழையதை வைக்கும்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் அடுத்ததுதான். இம்போர்ட் முடிந்ததும் திரையில் ஒன்றுமே மாறியிருக்காது. வந்த எல்லாமே 'புக்மார்க்ஸ் மெனு' என்ற ஃபோல்டருக்குள் போயிருக்கும். விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸின் மெனு பார் மறைந்தே இருப்பதால் அது கண்ணில் படாது. குரோமின் பாரில் வரிசையாக இருந்தவையும் பாருக்கு வராது; 'புக்மார்க்ஸ் பார்' என்ற பெயரில் ஒரு சாதாரண ஃபோல்டராக அதே மெனுவுக்குள் உட்கார்ந்திருக்கும். வரவில்லை என்று நினைத்து மறுபடி இம்போர்ட் கொடுப்பார்கள், மூன்றாவது முறையும் கொடுப்பார்கள். எச்டிஎம்எல் இம்போர்ட் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மூன்று முறை கொடுத்தால் ஒவ்வொரு ஃபோல்டரும் மும்மூன்றாக நிற்கும்.

சரியான வழி: லைப்ரரியின் இடப்பக்கம் 'புக்மார்க்ஸ் மெனு'வை விரியுங்கள், அந்த 'புக்மார்க்ஸ் பார்' ஃபோல்டரைத் திறங்கள், கண்ட்ரோல் ஏ கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்து, இடப்பக்கமுள்ள 'புக்மார்க்ஸ் டூல்பார்' மேல் இழுத்து விடுங்கள். வரிசை மாறாது. பார் தெரியவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B).

எண்ணிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். எக்ஸ்போர்ட் ஃபைலில் ஒவ்வொரு புக்மார்க்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் எச்-ஆர்-இ-எஃப் என்ற நான்கு எழுத்தும் சமக்குறியும் இருக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸில் ஃபைலைத் திறந்து, தேடும் பெட்டியில் அதைப் போட்டு 'கவுன்ட்' அழுத்தினால் எண்ணிக்கை வந்துவிடும். இம்போர்ட் செய்வதற்கு முன் ஒரு முறையும், செய்தபின் ஒரு முறையும் ஃபயர்ஃபாக்ஸிலிருந்து எச்டிஎம்எல் எக்ஸ்போர்ட் எடுத்து அதேபோல் எண்ணுங்கள். வித்தியாசம் குரோம் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். முன்னால் எண்ணுவது அவசியம், ஏனென்றால் புதிதாக நிறுவிய ஃபயர்ஃபாக்ஸிலும் அதன் சொந்தப் புக்மார்க் சில இருக்கும். ஒன்றிரண்டு குறைந்தால் பெரும்பாலும் அவை மிக நீளமான முகவரிகள். 65,536 எழுத்துக்கு மேல் போன முகவரியை ஃபயர்ஃபாக்ஸ் ஏற்பதில்லை.

எண்ணும்போது ஃபைலைத் திருத்தி சேமிக்க நேர்ந்தால் ஜாக்கிரதை. இந்த ஃபைல் யுடிஎஃப்-8 என்கோடிங்கில் இருக்கிறது. அதை 'ஆன்சி' என்று மாற்றிச் சேமித்தால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்பக் கிடைக்காது. மூல ஃபைலைத் தனியே வைத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள்.

இதையும் அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: சிலரிடம் யுனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ்ப் பக்கங்களின் புக்மார்க் இன்னும் இருக்கும். திஸ்கி (TSCII), டேப் (TAB) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளில் எழுதிய அந்தத் தலைப்புகள் சேமித்த அன்றே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் பதிந்தன. இம்போர்ட் அதைக் கெடுக்கவுமில்லை, சரி செய்யவும் செய்யாது. முகவரிப் பட்டியில் தமிழில் தேடினால் அவை அகப்படாது என்பதால், உட்கார்ந்து கையால் பெயர் மாற்றுவது பலனுள்ள வேலை.

பாஸ்வேர்டு, ஹிஸ்டரி, திறந்திருக்கும் டேப் எதுவும் இந்த ஃபைலில் வராது. டேப்களை மட்டும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) கொடுத்து ஒரே ஃபோல்டராகப் புக்மார்க் செய்துவிட்டு எக்ஸ்போர்ட் எடுத்தால் அவையும் கூடவே வந்துவிடும். குரோம் செட்டிங்ஸ் பக்கங்களையும் எக்ஸ்டென்ஷன் பக்கங்களையும் புக்மார்க் செய்திருந்தால் பெயர் வரும், பக்கம் திறக்காது.

உபுண்டு லினக்ஸில் 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாக, அதாவது மற்ற ஃபைல்களைத் தொடக் கட்டுப்பாடுள்ள வடிவில் வருகிறது. புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களை ஸ்னாப் தன்னிச்சையாகப் படிக்க முடியாது. குரோம் தன் தரவை வைப்பது அப்படியொரு ஃபோல்டரில். அங்கே நேரடி இம்போர்ட் தகராறு செய்தால் எச்டிஎம்எல் ஃபைலை 'டாக்குமென்ட்ஸ்' போன்ற சாதாரண இடத்தில் வைத்து எடுங்கள்.

எதிர்த்திசையில், ஃபயர்ஃபாக்ஸிலிருந்து குரோமுக்குப் போகிறவர்கள் 'பேக்கப்' என்பதைத் தேர்ந்துவிட வேண்டாம். அது தருவது ஜேசன் ஃபைல். குரோமுக்கு அது புரியாது. 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ் டு எச்டிஎம்எல்'தான் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க்குகளுக்கு டேக் (அடையாளச் சொல்) போட்டு வைத்திருந்தால், எச்டிஎம்எல்லில் அவை எழுதப்பட்டாலும் குரோமில் டேக் என்ற வசதியே இல்லை. போகுமுன் லைப்ரரியில் ஒவ்வொரு டேக்காகத் திறந்து, அதிலுள்ளவற்றை அதே பெயரில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை, ஹார்டு டிஸ்க் மட்டும் கையில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. விண்டோஸில் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட் என்று வரிசையாகப் போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டும்படி முதலில் மாற்ற வேண்டும். டிஃபால்டுக்குள் 'புக்மார்க்ஸ்' என்று எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல், பக்கத்தில் அதன் 'பேக்' (.bak) நகல். புதிய கம்ப்யூட்டரில் சிங்க் செய்யாத குரோமை முழுவதும் மூடிவிட்டு, அதே இடத்தில் அந்த ஃபைலை வைத்துத் திறந்தால் புக்மார்க் வந்துவிடும். அங்கிருந்து எச்டிஎம்எல் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஃபைல் கெட்டிருந்தால் 'பேக்' நகலின் பெயரிலிருந்து அந்த வாலை நீக்கிவிட்டு வையுங்கள். எந்த ஃபைலானாலும், குரோமைத் திறக்கும் முன் இரண்டையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள், ஏனென்றால் குரோம் அடுத்த மாற்றத்தைச் சேமிக்கும்போது 'பேக்' நகலையும் புதுப்பித்துவிடும்.