வீட்டுக்குள் நுழைய எத்தனை விகுதி?

'என் வீடுகளிலும்' என்பதைப் பிரித்தால் வீடு, கள், இல், உம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை. 'என்' மட்டும் தனியாக முன்னால் நிற்கிறது. பின்னிஷ் மொழிக்காரர் அந்த 'என்'னையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரே சொல்லாகச் சொல்லிவிடுவார்: தலொய்ஸ்ஸனிகின். தலோ என்றால் வீடு, இ பன்மை, ஸ்ஸ நம் 'இல்', னி 'என்', கடைசியில் வரும் கின் அப்படியே நம் 'உம்'. 'வீட்டிலா?' என்று கேட்க நாம் ஆ சேர்க்கிற இடத்தில் அவர்கள் கோ சேர்ப்பார்கள்: தலொஸ்ஸகோ?

இதைப் பார்த்ததும் 'அப்போ சொந்தமா?' என்று தோன்றும். கால்டுவெல்லுக்கும் தோன்றியது. 1856இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட, அன்று 'சித்திய' என்று அழைக்கப்பட்ட மொழிகளுக்குப் பக்கத்தில் வைத்தது. இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்பதில்லை. ஒட்டு ஒட்டாகச் சேர்ப்பது கட்டுமான முறைதான், இரத்த உறவுக்குச் சான்று ஆகாது.

பின்னிஷின் உறவுமொழியான ஹங்கேரியனுக்கு வந்தால் வரிசையே மாறிவிடுகிறது. வீடு ஹாஸ், என் வீடுகளில் ஹாஸயிம்பன். இங்கே 'என்' (ம்) முதலில், 'இல்' (பன்) அதற்குப் பிறகு. பின்னிஷில் வேற்றுமை முந்தும், உடைமை பிந்தும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அடுத்த சறுக்கல் பன்மை: வெறும் 'வீடுகள்' ஹாஸக், ஆனால் 'என்' சேர்ந்ததும் க் போய் இ வந்துவிடும். 'உம்' மட்டும் ஹங்கேரியனில் ஒட்டாது. இஷ் என்று தனிச்சொல்லாகப் பின்னால் வரும்.

அந்த பன் (பஸ்ஸில் வரும் ப) எல்லாச் சொல்லுக்கும் பன் இல்லை. தோட்டம் என்ற கெர்த் சொல்லோடு பென் ஆகும்: கெர்த்பென். அ, ஒ, உ உள்ள சொல்லுக்கு பன், எ உள்ளதற்கு பென். உயிரிசைவு என்பது இதுதான். இ, ஈ மட்டும் உள்ள சொற்களில்தான் தொல்லை. வீஸ் என்றால் தண்ணீர். 'தண்ணீர்மேல்' என்ற பொருளில் வீஸ்ரெ. ஹீத் என்றால் பாலம், அதற்கு ஹீத்ர. இரண்டிலும் அதே ஈ, விகுதி மட்டும் வேறு. விதி தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

புணர்ச்சி நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஹங்கேரியனில் 'ஆல்/ஓடு' என்பதற்கு வல். காரோடு சேர்ந்தால் அவுதோவல். பஸ்ஸோடு சேர்ந்தால் புஸ்வல் வராது. வ் முந்திய மெய்யாகவே திரிந்து புஸ்ஸல். ரயிலான வொனத், வொனத்தல் ஆகும். 'திரிதல்' படித்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பின்னிஷில் மாற்றம் விகுதிக்குள் நிற்காமல் பகுதியையும் தொடும். துர்கு நகரில் என்பது துருஸ்ஸ. க் எங்கே போனது? ஸ்ஸ சேரும்போது அதற்கு முந்திய அசை மெய்யால் மூடப்படுகிறது; மூடிய அசையின் தொடக்கத்தில் உள்ள வல்லினம் மெலிகிறது, சில இடங்களில் உதிர்கிறது. கடை என்ற கௌப்ப, கௌபஸ்ஸ ஆவதும் இதனால்தான். ஆனால் 'துர்குவுக்குள்' என்றால் துர்கூன், க் பத்திரம். முன்பு அந்த விகுதியில் ஒரு ஹ் இருந்து அசை திறந்தே இருந்தது. ஹ் போய்விட்டது, அதன் பலன் மட்டும் தங்கிவிட்டது.

பெயரடை வந்தால் இன்னொரு பிரிவு. 'பெரிய வீட்டில்' என்று நாம் கடைசியில் மட்டும் ஒட்டுகிறோம். ஹங்கேரியனும் அப்படித்தான், நொத்ய் ஹாஸ்பன். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் பேசும் பாஸ்க் இன்னும் சிக்கனம்: வீடு எச்செ, பெரிய வீட்டில் எச்செ அந்தியன். பெயரடை பின்னால் வருவதால் விகுதி அதன்மேல் ஏறிக்கொள்கிறது, வீடு மொட்டையாகவே நிற்கிறது. பின்னிஷ் மட்டும் இரண்டிலும் ஒட்டும்: இசொஸ்ஸ தலொஸ்ஸ. ஹங்கேரியனிலும் 'இந்த' வந்தால் சிக்கனம் போய்விடும். எப்பென் அ ஹாஸ்பன் என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'இதில் வீட்டில்'.

ஸ்வீடிஷில் விகுதிக்கு வேறு வேலை: 'அந்த' என்ற குறிப்பு வாலில் ஒட்டும். ஹூஸ் வீடு, ஹூசெத் அந்த வீடு. பெயரடை வந்தால் முன்னால் ஒரு சுட்டும் சேரும், வாலும் விழாது. பக்கத்து டேனிஷில் அந்த இடத்தில் வால் விழுந்துவிடும்.

அகராதி பார்க்கும்போது இந்த வேறுபாடெல்லாம் கைக்கு வரும். ஹங்கேரியனில் பெரும்பாலும் வாலை வெட்டினால் சொல் கிடைத்துவிடும். பின்னிஷில் வெட்டியபின் தொலைந்த மெய்யைத் திருப்பி வைக்க வேண்டும். 'துரு' என்று தேடினால் நகரம் அகப்படாது. ரஷ்யனில் வெட்டவே இடமில்லாத வடிவங்கள் உண்டு. புத்தகம் க்னீக, 'புத்தகங்களின்' என்பதற்கு வெறும் க்னீக். பன்மையும் வேற்றுமையும் சேர்ந்து வந்து, இருந்த அகரத்தையும் கழற்றிவிட்டன. அங்கே வெட்டக் கூடாது, ஓர் அ சேர்த்துத்தான் தேட வேண்டும்.