பர்ட் லங்காஸ்டரின் பிற்காலப் படங்கள்: ஒரு மறுபார்வை

ஹாலிவுட் நடிகர் பர்ட் லங்காஸ்டரின் நல்ல காலம் 1960-இல் வெளிவந்த 'எல்மர் கேன்ட்ரி'க்குக் கிடைத்த ஆஸ்கர் விருதோடு முடிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் பெங்களூரில் இன்னும் இருக்கிறார்கள். அல்சூரில் வசிக்கும் என் பெரியப்பா அவர்களில் ஒருவர். எம்.ஜி. ரோட்டில் இப்போது மெட்ரோ நிலையம் இருக்கும் இடத்தில் அன்று இருந்த பிளாசா தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. லங்காஸ்டர் என்றதும் அவர்களுக்கு நினைவில் எழுவது 'தி கிரிம்சன் பைரேட்' படத்தில் பாய்மரக் கயிற்றைப் பற்றிக்கொண்டு பறக்கும் கடற்கொள்ளைக்காரனும், 'டிரபீஸ்' படத்தின் சர்க்கஸ் கலைஞனும்தான். "அப்புறம் வந்ததெல்லாம் வயசான காலத்துப் படம், அதை விடுப்பா" என்று பெரியப்பா சொல்வார். அவருடைய ரசனையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 1963-க்கும் 1980-க்கும் இடையில் லங்காஸ்டர் நடித்த நான்கைந்து படங்கள்தாம் அவரைப் பெரிய நடிகராக்கின என்பதும், அதற்கு முந்தைய படங்கள் அவற்றுக்கான முதலீடு மட்டுமே என்பதும் என் உறுதியான எண்ணம்.

முதலீடு என்று நான் சொல்வது அவருடைய உடலை. 1913-இல் நியூயார்க்கில் பிறந்த லங்காஸ்டர் நடிப்புப் பள்ளியிலிருந்து வந்தவரல்லர். சிறுவயது நண்பர் நிக் கிராவட்டுடன் சேர்ந்து சர்க்கஸில் வித்தை காட்டிப் பிழைத்தவர். 32 வயதில்தான் 'தி கில்லர்ஸ்' (1946) மூலம் திரைக்கு வந்தார். கயிறு, கம்பம், குதிரை எனப் பெரும்பாலும் பிறரை நம்பாமல் தாமே பாய்ந்த நட்சத்திரம். இப்படி உடலை நம்பி எழுந்த ஒருவருக்கு முதுமை வரும்போது வழக்கமாக நடப்பது நமக்குத் தெரியும்: ஒப்பனை கூடும், கதாநாயகியின் வயது குறையும், சண்டைக் காட்சியில் முகம் தெரியாத வேறொருவர் வந்து குதிப்பார். லங்காஸ்டர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். தம் உடலிலிருந்து என்ன போய்விட்டது, என்ன எஞ்சியிருக்கிறது என்பதையே கேமரா பார்க்கும்படி நின்றார்.

இதன் தொடக்கம் இத்தாலிய இயக்குநர் லுகினோ விஸ்கோன்டி இயக்கிய 'தி லெப்பர்ட்' (1963). 1860-இல், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படை சிசிலித் தீவுக்குள் நுழைகிறது. தன் வர்க்கத்தின் காலம் முடிந்துவிட்டதை உணர்ந்த சலீனா இளவரசராக லங்காஸ்டர் நடித்தார். இந்த அமெரிக்கரை விஸ்கோன்டி தொடக்கத்தில் விரும்பவில்லை. தயாரிப்புச் செலவுக்குப் பணம் கிடைக்கும் என்பதற்காகவே ஏற்றுக்கொண்டார். இத்தாலியப் பதிப்பில் லங்காஸ்டரின் குரல்கூட இல்லை, வேறொருவர் பேசியிருக்கிறார். நடிகரிடமிருந்து குரலை எடுத்துவிட்ட பிறகும் அந்த இளவரசர் சிதையாமல் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். முக்கால் மணி நேரம் நீளும் நடன விருந்துக் காட்சியில் அவர் பெரிதாக எதுவும் செய்வதில்லை: அறை அறையாக நடக்கிறார், மரணப் படுக்கையைச் சித்திரிக்கும் ஓர் ஓவியத்தின் முன் நிற்கிறார், நடிகை கிளாடியா கார்டினாலேவுடன் ஒரு வால்ட்ஸ் நடனம் ஆடுகிறார். அந்த ஆட்டம் முடிந்தபின் தோள்கள் லேசாகத் தாழ்வதில் ஒரு பரம்பரையின் களைப்பே தெரிகிறது. சர்க்கஸில் சமநிலை பயின்ற உடலுக்கு, அதை எந்த அளவில் குலைத்தால் பார்வையாளர் உணர்வார் என்பதும் தெரிந்திருக்கிறது.

ஆனால் நான் அதிகம் பேச விரும்புவது 'தி ஸ்விம்மர்' பற்றித்தான். ஜான் சீவர் 1964-இல் 'தி நியூ யார்க்கர்' இதழில் எழுதிய சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு ஃபிராங்க் பெர்ரி இயக்கிய படம் இது; சில காட்சிகளைப் பின்னர் சிட்னி பொல்லாக் எடுத்தார். 1966-இல் கனெக்டிகட் மாநிலத்தில் படமாக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கிடப்பில் இருந்து 1968-இல் வெளியாகித் தோல்வியடைந்தது. படப்பிடிப்பின்போது லங்காஸ்டருக்கு வயது 52. படம் முழுவதும் அவர் அணிந்திருப்பது ஒரு நீச்சல் கால்சட்டை மட்டுமே. நெட் மெரில் என்ற மனிதர் ஒரு வெயில் நாளில் நண்பர் வீட்டு நீச்சல் குளத்தருகே தோன்றி, அங்கிருந்து தம் வீடு வரை வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் குளத்திலும் நீந்தியே செல்லப்போவதாக அறிவிக்கிறார். முதல் சில வீடுகளில் உற்சாகமான வரவேற்பு கிடைக்கிறது. போகப்போக முகங்கள் மாறுகின்றன. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள், அவரால் கைவிடப்பட்டவர்கள், அவரை ஏளனம் செய்பவர்கள் எதிர்ப்படுகிறார்கள். தனக்கு நேர்ந்துவிட்ட வீழ்ச்சியை அவர் மட்டுமே அறியாதிருக்கிறார் என்பது நமக்குச் சிறிது சிறிதாகப் புரிகிறது.

இந்தக் கதையை வேறொரு நல்ல நடிகர் செய்திருந்தால் மனநலம் குன்றிய ஒரு கனவானின் கதையாக நின்றிருக்கும். லங்காஸ்டர் செய்ததால் அது வெற்றியையே உடலாக அணிந்திருந்த ஒரு மனிதனின் கதையாகிறது. படத்தின் தொடக்கத்தில் அந்த மார்பும் தோளும் பழைய சாகசப் படங்களில் கண்டவை போலவே இருக்கின்றன, நாமும் ஏமாறுகிறோம். குதிரையோடு போட்டி போட்டு ஓடுகிறார், தடைகளைத் தாண்டுகிறார், பிறகு நொண்டத் தொடங்குகிறார். மாலை நெருங்க நெருங்க அதே உடல் குளிரில் நடுங்குகிறது. பொது நீச்சல் குளத்தில் நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறை இல்லாமல் கெஞ்சி, கால்களைக் கழுவிக் காட்டச் சொல்லும் காவலாளியின் முன் அவர் குனியும் இடத்தில், தோற்பது நெட் மெரில் மட்டுமல்ல. இருபது ஆண்டுகள் திரையில் எதற்கும் குனியாத நட்சத்திரமும்தான். தண்ணீர் இல்லாத குளத்தில் ஒரு சிறுவனோடு நீந்துவதாகப் பாவனை செய்யும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனத்துவிடுகிறது. மார்வின் ஹாம்லிஷின் முதல் திரையிசை பல இடங்களில் தேவைக்கு மேல் உருகுகிறது என்பதும், சில மங்கலான காட்சிகள் அக்காலத்து மோகங்கள் என்பதும் உண்மையே. அவற்றை மன்னித்துவிடலாம்.

தமிழ் ரசிகர்களுக்கு இது புதிய அனுபவமல்ல என்றும் நினைக்கிறேன். 'முதல் மரியாதை'யில் (1985) சிவாஜி கணேசன் தம் பெரும் சொத்தான குரலை அடக்கிக்கொண்டு நடித்ததை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கனத்த கல்லைத் தூக்கும் காட்சியில் வயது, ஆசை, வெட்கம் மூன்றும் ஒரே நேரத்தில் அவர் முகத்தில் வந்து போகும். எதனால் பெயர் பெற்றாரோ அதையே விட்டுக்கொடுக்கும் துணிவு இருவரிடமும் ஒன்றே. சிவாஜிக்கு அது குரல், லங்காஸ்டருக்கு உடல்.

ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய 'உல்சானாஸ் ரெய்டு' (1972) இன்னும் வறண்ட படம். இதே ஆல்ட்ரிச் 1954-இல் எடுத்த 'அப்பாச்சி' படத்தில் லங்காஸ்டர் மலைகளில் தாவும், அப்பாச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியின வீரனாக வந்தவர். 18 ஆண்டுகளுக்குப் பின் அதே இனத்தவரைத் துரத்தும் குதிரைப்படைக்கு வழிகாட்டும் மெக்கின்டாஷ் என்ற கிழவராக வருகிறார். இங்கே அவர் தாவுவதே இல்லை. மண்ணைப் பார்க்கிறார், குதிரைச் சாணத்தைப் பார்க்கிறார், இளம் அதிகாரியின் கோபத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறார். அப்பாச்சிகளை நீங்கள் வெறுக்கவில்லையா என்ற கேள்விக்கு, தண்ணீர் இல்லை என்பதற்காகப் பாலைவனத்தை வெறுக்க முடியுமா என்ற பொருளில் அவர் சொல்லும் பதில் படத்தின் அறநிலையை முழுவதும் தாங்குகிறது. ஹாலிவுட்டின் 'வெஸ்டர்ன்' வகைப் படங்களில் இதற்கு இணையான நிதானத்தை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

லூயி மால் இயக்கிய 'அட்லாண்டிக் சிட்டி'யில் இந்தப் பாதை உச்சத்தை அடைகிறது. 66 வயதை ஒட்டிய காலத்தில் லங்காஸ்டர் நடித்த லூ என்ற பாத்திரம், ஒரு காலத்தில் பெரிய ரவுடிகளுக்கு எடுபிடியாக இருந்துவிட்டு, தானே பெரிய ரவுடியாக வாழ்ந்ததாகக் கதை சொல்லித் திரியும் முதியவர். சூதாட்ட விடுதிகளுக்காகப் பழைய ஹோட்டல்கள் இடித்துத் தள்ளப்படும் நகரில், அதே கட்டடத்தில் வாழும் ஒரு விதவைக்குப் பணிவிடை செய்து நாட்களைக் கடத்துகிறார். எதிர் ஜன்னலில் எலுமிச்சம்பழத்தால் தோள்களைத் தேய்த்துக் கழுவும் இளம்பெண்ணை இருட்டில் நின்று பார்க்கிறார். அந்தப் பெண்ணாக நடித்தவர் சூசன் சரண்டன். ஒரு கட்டத்தில் அவளை இரண்டு அடியாட்கள் தாக்குகிறார்கள். லூ கையறு நிலையில் நிற்கிறார். பழைய லங்காஸ்டராக இருந்தால் இருவரையும் மேசை மீது தூக்கி வீசியிருப்பார் என்பது பார்வையாளருக்குத் தெரியும், படத்துக்கும் தெரியும், லூவுக்கும் அந்தக் கனவு உண்டு. உன்னைக் காப்பாற்றவில்லையே என்று அவர் வருந்தும்போது அந்தக் குரலில் இருப்பது ஒரு வாழ்நாளின் பொய் உடைந்த வலி. பிறகு அதே ஆட்களை அவர் சுட்டுவிட்டு, அச்சமோ குற்றவுணர்வோ இல்லாமல் பள்ளிப் பரீட்சையில் தேறிய பையனைப் போலப் பூரிக்கும் காட்சி நம்மைச் சங்கடப்படுத்துகிறது. சங்கடப்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்தப் படம் 1980-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் 'குளோரியா' என்ற படத்தோடு தங்கச் சிங்கம் விருதைப் பகிர்ந்துகொண்டது. பிரிட்டனின் பாஃப்டா விருது லங்காஸ்டருக்குக் கிடைத்தது. ஆஸ்கரில் ஐந்து முக்கியப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. சிறந்த நடிகருக்கான விருது 'ஆன் கோல்டன் பாண்ட்' படத்துக்காக ஹென்றி ஃபோண்டாவுக்குச் சென்றது. ஃபோண்டாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எனினும் முதுமையைப் பற்றிய அந்த இரண்டு நடிப்புகளில் ஆறுதல் தராத நடிப்பே ஆழமானது என்று சொல்லத்தான் வேண்டும்.

இதற்குப் பின் வந்தவற்றில் 'லோக்கல் ஹீரோ' (1983) எனக்குப் பிடித்தது. வானத்து நட்சத்திரங்களில் மனம் வைத்த எண்ணெய் நிறுவன முதலாளியாகச் சில காட்சிகளே வந்தாலும் படத்தின் போக்கை அவரே முடிவுசெய்கிறார். பலரும் கொண்டாடும் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' (1989) அவரிடம் கனிவை மட்டுமே கேட்டது, அவரும் அதைக் கொடுத்தார். லங்காஸ்டர் எப்போதும் பல்லைக் காட்டிக் கொஞ்சம் மிகையாகவே நடிப்பார் என்று என் ஃபிலிம் சொசைட்டி நண்பர் ஒருவர் வாதிடுவார். 'வேரா குரூஸ்' போன்ற பழைய படங்களின் காலத்துக்கு அது பொருந்தும். ஆனால் 'தி ஸ்விம்மர்' படத்தில் அதே சிரிப்பு ஒவ்வொரு குளத்திலும் கொஞ்சம் தாமதமாக வருகிறது, கொஞ்சம் சீக்கிரம் மறைகிறது. தம் பழைய பழக்கத்தையே அவர் பாத்திரத்தின் நோயாக மாற்றியிருக்கிறார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு குறிப்பு. 'தி லெப்பர்ட்' படத்தின் ஆங்கிலப் பதிப்பில் அவர் குரல் உண்டு, ஆனால் அது வெகுவாக வெட்டப்பட்டது. முழுமையான இத்தாலியப் பதிப்பையே பாருங்கள். விஸ்கோன்டியின் உலகில் அவர் சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமென்றால் 'கான்வர்சேஷன் பீஸ்' (1974) படத்தின் ஆங்கில வடிவத்தைத் தேடுங்கள். பக்கவாதத்திலிருந்து மீண்ட விஸ்கோன்டி முழுக்க உள்ளரங்கிலேயே எடுத்த அந்தப் படத்தில், ரோம் நகர வீடொன்றில் ஓவியங்களோடு தனித்து வாழும் பேராசிரியராக லங்காஸ்டர் அறைகளுக்குள்ளேயே அடங்கி நடித்திருக்கிறார். அவருடைய பாய்ச்சலை ரசித்தவர்கள்தாம் அதை முதலில் பார்க்க வேண்டும்.