டக் டக்குன்னு அடிச்ச லான் டிராக்டரும் அப்பாவோட வீடியோ காலும்

போன சனிக்கிழமை முழுக்க கராஜ்லயே போச்சு. ஒஹையோல ஏப்ரல் கடைசி வந்துட்டா புல்லு நம்மள கேட்டா வளருது, வாரத்துக்கு ரெண்டு தடவ வெட்டுனாலும் அடங்காது, அதுக்குன்னுதான் போன அக்டோபர்ல 400 டாலருக்கு ஒரு பழைய லான் டிராக்டர், அதான் மேல உக்காந்து ஓட்டி புல்லு வெட்டுற வண்டி, வாங்கிப் போட்டேன். ஒத்த சிலிண்டர், 17.5 எச்.பி., இன்ஜினோட சேந்து சுத்துற கனமான சக்கரம் (ஃப்ளைவீல்) படுத்த வாக்குல. குளிர்காலம் முழுக்க தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு.

ஸ்டார்ட் என்னமோ ஒரே சாவில ஆயிருச்சு. ஆனா ஐடில்ல, மெதுவா ஓட விட்டா உள்ள யாரோ சுத்தியல் வச்சு தட்டுற மாதிரி டக் டக் டக். த்ராட்டில ஏத்தினா குறையுது, ஆஃப் பண்ணும்போது நிக்கிறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு மூணு சுத்துல கடகடன்னு ஒரு அடி. பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னே கேட்டுட்டு "ராடு போச்சு, வேற இன்ஜின் பாரு"ன்னுட்டாரு. ராடுன்னா பிஸ்டனையும், அது ஏறி இறங்குறதால சுத்துற கிராங்க்குங்குற தண்டையும் சேக்குற கம்பி. அவரு ட்ரக் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, சொன்னா நம்பித்தானே ஆகணும்.

சரி, காசு செலவில்லாததுல இருந்து ஆரம்பிப்போம்னு பிளேடு பெல்ட், வண்டி ஓட்டுற பெல்ட் ரெண்டையும் கழட்டிட்டு ஓட்டிப் பாத்தேன், சத்தம் அப்படியே இருக்கு. ஆக கீழ டெக்குல, அதாவது பிளேடு சுத்துற பெட்டில, ஒண்ணும் இல்ல, இன்ஜின்தான். அடுத்து ஆயில ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பால இறக்கி வெயில்ல வச்சுப் பாத்தேன். இந்த மாதிரி சின்ன இன்ஜின்ல நெறைய மாடல்ல ராடு அலுமினியம், காருல வர்ற மாதிரி நடுவுல பேரிங் ஷெல்னு தனி ஓடு கிடையாது, நேரா கிராங்க் மேலயே உக்காந்திருக்கும். அதனால காந்தத்த விட்டுத் தேடுறது வீண், ராடு தேஞ்சிருந்தா ஆயில்லயே வெள்ளிப்பொடி கலந்த மாதிரி மினுங்கும். எனக்கு மினுங்கல, கருப்பா கசண்டா சாதாரண பழைய ஆயில்.

கொஞ்சம் தெம்பு வந்துச்சு. அந்தத் தெம்பு அரை மணி நேரம்தான். மேல மூடியக் கழட்டி (உள்ள எலி ஒண்ணு காய்ஞ்ச புல்ல வச்சு வீடே கட்டியிருந்துச்சு, அது தனிக்கதை) பிளக்க எடுத்துட்டு, அந்த ஓட்டை வழியா ஒரு சாப்ஸ்டிக்க பிஸ்டன் தலையில படுற மாதிரி நிறுத்தி, ஃப்ளைவீல இங்கிட்டும் அங்கிட்டும் லேசா ஆட்டினேன். ஃப்ளைவீல் நகருது, குச்சி நகரல, அப்புறம் 'டக்'னு ஒரு சத்தத்தோட குச்சி ஏறுது. ப்ளே, அதாவது லூசு, இருக்கு! தாத்தா சொன்னது சரிதான், ராடுதான், 400 டாலர் தண்டம்னு ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

அப்பதான் அப்பா வீடியோ கால் பண்ணாரு, இங்க காலைல 8 மணின்னா அங்க சாயந்தரம் அஞ்சரை. ஒரத்தநாடு பக்கம் எங்க வயல்ல கரண்ட் மோட்டார் வர்ற வரைக்கும் டீசல் இன்ஜின்தான், அத அவருதான் பாத்துக்குவாரு. ஃபோன இன்ஜின் பக்கம் திருப்பிக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏன்டா, ஃப்ளைவீல ஆட்டிட்டு ராட குத்தம் சொல்ற? கிராங்க புடிச்சு ஆட்டுடா"ன்னாரு. நம்ம ஊரு பம்ப்செட் இன்ஜின்ல ஃப்ளைவீல ஆப்பு மாதிரி ஒரு சாவி அடிச்சு இறுக்கியிருப்பாங்க, அது லூசானா அச்சு அசலா பிக் எண்டு (ராடுல கிராங்க் பக்கத்து முனை) போன சத்தமே வருமாம், ஒரு தடவ அது தெரியாம இன்ஜினையே பிரிச்சுட்டாராம், அம்மாகிட்ட இன்னும் திட்டு வாங்குறாரு.

கீழ குனிஞ்சு கிராங்க் புல்லியப் புடிச்சு ஆட்டினேன். புல்லி அசைஞ்ச உடனே குச்சியும் அசையுது, நடுவுல துளி கேப் இல்ல. அப்புறம் மார்க்கர்ல ஃப்ளைவீல் நட்டு மேலயும் ஃப்ளைவீல் மேலயும் சேத்து ஒரு கோடு போட்டுட்டு, மகளை கீழ புல்லியப் புடிச்சுக்கச் சொல்லி ஃப்ளைவீல ஆட்டினா, கோடு ரெண்டா உடையுது. நட்டு நிக்குது, ஃப்ளைவீல் மட்டும் ஒரு நூல் நகருது.

லான் டிராக்டர்ல பிளேடு பெல்ட்டுல ஓடுறதால கல்லு கட்டையில மோதினாலும் பெல்ட் வழுக்கி அந்த அடிய வாங்கிக்கும், பிளேடு நேரா கிராங்க்லயே மாட்டியிருக்க தள்ளுற மெஷின் மாதிரி ஃப்ளைவீல் சாவி சுலபமா வெட்டுப்படாது, அதான் எனக்கு அந்தப் பக்கமே நெனப்பு போகல. இதுல முன்னாடி வச்சிருந்தவரு எதுக்கோ கழட்டிட்டு நட்ட ஒழுங்கா இறுக்காம விட்ருக்காரு போல, சாதா ஸ்பேனர்ல ஒரு இழுப்புல கழண்டு வந்துச்சு. சாவி ஒரு பக்கம் நசுங்கி படிக்கட்டு மாதிரி இருந்துச்சு. நல்லவேளை, கிராங்க்ல சாவி உக்கார்ற காடி தப்பிச்சிருச்சு.

புது சாவி ஏழு டாலர் சொச்சம். டார்க் ரெஞ்சு, அதான் சொன்ன அளவுக்கு இறுக்க உதவுற ஸ்பேனர், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில டெபாசிட் கட்டி இரவல் வாங்குனேன். கிராங்கும் ஃப்ளைவீலும் ஒண்ணோட ஒண்ணு உக்கார்ற கூம்பு (டேப்பர்) ரெண்டு பக்கமும் எண்ணெய் பிசுக்கு இல்லாம தொடச்சு, மேனுவல்ல என் இன்ஜினுக்குப் போட்டிருந்த 100 ஃபுட் பவுண்டுக்கு இறுக்கி, புது ஆயில ஊத்தி ஸ்டார்ட் பண்ணேன். டக் டக் இல்ல.

தாத்தா மறுபடி வேலிகிட்ட வந்து கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, தொப்பிய மட்டும் சரி பண்ணிக்கிட்டாரு. அந்தச் சத்தம் போனதும்தான் டெக்குல இடது பக்க பேரிங் கீச்சு கீச்சுங்குறது காதுல விழுது. அது அடுத்த சனிக்கிழமைக்கு.